எதிர்த்தரப்புச் சான்று

அப்பாடா. திருத்தங்கலில் அந்த அம்மா இறங்கிவிடுவார் என்று நீங்கள் சொன்னபடியே இறங்கிவிட்டார். சிவகாசியிலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி வந்தேன். பையையாவது கொடுங்கள் என்று நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டீர்களே, அதற்கே உங்களுக்குக் கோடி புண்ணியம். மதுரை வரைக்குமா? நான் திருமங்கலம். அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் என்னிடம் மாட்டிக்கொண்டீர்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் பேசுகிறவள். அதுவும் அச்சடித்தது போலப் பேசுகிறவள். முப்பத்தொரு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். வாயும் அப்படியே ஆகிவிட்டது. என் கணவர் இருந்த காலத்தில் சொல்லுவார், 'தில்லைநாயகி, நீ சண்டை போட்டால்கூட முற்றுப்புள்ளி வைத்துத்தான் போடுகிறாய்' என்று. இப்போது வீட்டில் சண்டைக்கும் ஆள் இல்லை. அதனால்தான் பேருந்தில் பேசுகிறேன்.

பையில் என்னவா? புத்தகம். சின்னப் புத்தகம்தான், ஆனால் எண்பது இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சட்டத்தில் என்னென்ன இடம் என்று சங்கத்தில் போட்டது. திருமங்கலத்தில் இன்று வகுப்பு. இல்லையில்லை, பேசப்போவது நான் இல்லை. பேசப்போவது குருவம்மா. சங்கத்தில் இன்று அவள்தான் மாவட்டச் செயலாளர். என்னைப் புத்தகக் கட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். எழுபத்துமூன்று வயதில் எனக்குச் சுமக்கிற வேலை கிடைத்திருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்று சொன்னால் என் மானம் போகும். போகட்டும். நீங்கள் என்னை மறுபடி பார்க்கவா போகிறீர்கள்.

இது இருபது வருஷத்துக்கு முந்திய கதை. அச்சகத்தின் பெயர் வேண்டாம். முதலாளியும் இப்போது இல்லை, இறந்தவரைப் பேருந்தில் வைத்துப் பேசக்கூடாது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போடுகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி பிறந்தால் வைகாசி முடிய மூச்சுவிட நேரம் இருக்காது. பின்பக்கம் நீளமாக ஒரு கொட்டகை, அதுதான் பைண்டிங். இருபத்திரண்டு பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து தாள் மடிப்பார்கள். முன்பக்கம் என் மேஜையில் இருந்து கேட்டால் தூறல் போடுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதினேன். அங்கே எழுந்து போய்ப் பார்க்கத்தான் எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், தாள் மடிப்பது அவர்கள் வேலையில் பாதிதான் என்று. மடித்ததை ஆண்கள் இயந்திரத்தில் வைத்து ஓரம் வெட்டுவார்கள், கட்டாகக் கட்டுவார்கள். ஒரு கட்டு இருபத்தெட்டு கிலோ. அதற்குப் பிறகு அந்தக் கட்டைக் கொட்டகையிலிருந்து குடோனுக்குக் கொண்டுபோவது யார்? பெண்கள். தலையில் சும்மாடு வைத்து, வெயிலில், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கணக்கில்லாமல். நம் தலையில் நாமே கட்டை ஏற்றிக்கொள்ள முடியாது, தெரியுமல்லவா? இன்னொருவர் ஒரு பக்கம் தூக்கிவிட வேண்டும். அதனால் அந்தக் கொட்டகையில் நாள் முழுக்க ஒரே சொல்தான் கேட்டுக்கொண்டிருக்கும். 'ஒரு கை பிடி.' 'ஏ தங்கம், ஒரு கை பிடி.' 'யண்ணே, ஒரு கை பிடிங்க.' நான் அந்தச் சொல்லை அங்கே ஒருநாளும் சொன்னதில்லை. நான் தூக்கிய அதிகபட்ச கனம் அகராதி.

பதிவேட்டில் வேறு கதை. ஆண்கள் 'பைண்டர்.' பெண்கள் 'உதவியாள்.' பைண்டருக்கு வருஷம் முழுக்க வேலை, நோட்டு முடிந்தால் காலண்டர். உதவியாளுக்கு வைகாசி முடிந்ததும் 'சொல்லி அனுப்புறோம்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இடையில் ஏழெட்டு மாதம் என்ன செய்வது? சிவகாசியில் என்ன செய்வது என்று கேட்கவே வேண்டாம். பட்டாசுக்குப் போவார்கள்.

குருவம்மாவும் போய்க்கொண்டிருந்தவள்தான். அப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது இருக்கும். ஒரு புரட்டாசி மாதம் அவள் வேலை பார்த்த அறைக்கு அடுத்த அறை வெடித்துப் போய்விட்டது. இவளுக்கு இடது கையில் முழங்கை வரை தோல் உரிந்தது. அடுத்த அறையில் இருந்தவள் இவளோடு ஒரே டப்பாவில் சோறு கொண்டுபோகிறவள். அதைப் பற்றிக் குருவம்மா பேச மாட்டாள். என்னிடம் வந்து இவ்வளவுதான் சொன்னாள்: "பட்டாசுக்கு இனிமே போக மாட்டேன்க்கா. பட்டினி கெடந்தாலும் போக மாட்டேன். ஆம்பளையாளுகளுக்கு மாதிரி வருசம் பூராவும் இங்கனயே வேலை வாங்கிக் குடுங்க. நீங்கதான சங்கத்துல எழுத்து வேலை பாக்குறீங்க."

ஆமாம், நான் அப்போது சங்கச் செயலாளர். போராடி வந்த பதவி என்று நினைத்துவிடாதீர்கள். தலைவர் பால்வண்ணனுக்கு மனு எழுத ஆள் தேவைப்பட்டது. 'தோழர், உங்க தமிழ்தான் தமிழ்' என்றார். ஒரு மனுஷியை விழவைக்க அது போதாதா?

அவள் கேட்டது வேலை. நான் அவளுக்குச் சட்டத்தைக் கொடுத்தேன். ஆணும் பெண்ணும் ஒரே வேலை, அல்லது ஒரே தன்மையுள்ள வேலை பார்த்தால் இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று அப்போதே ஒரு சட்டம் இருந்தது. மதுரைக்குப் போய் அதன் தமிழ்ப் பிரதியை வாங்கி வந்து ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். முதலில் அதில் ஏழு எழுத்துப் பிழை கண்டுபிடித்தேன். அதன் பிறகுதான் அர்த்தம் பார்த்தேன். என் வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுதினால் இந்த இரண்டு வாக்கியம் போதும்.

மனு நன்றாக வந்தது. பைண்டிங் பெண்கள் செய்வதும் பைண்டர்கள் செய்வதும் ஒரே தன்மையுள்ள வேலை, ஆகவே அவர்களையும் பைண்டர் என்று பதிவுசெய்ய வேண்டும் என்பது சாரம். அழகாக எழுதியிருந்தேன். நாலு பக்கம். அதன் நகல்கூட அந்தப் பையில் இருக்கிறது. எடுக்க வேண்டாம், இருக்கட்டும், அடியில் கிடக்கும்.

சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். ஆண்கள் பக்கம் முகம் சரியில்லை. வெட்டு இயந்திரத்தில் நிற்கும் இருளப்பன் எழுந்து, "பொம்பளையும் பைண்டர்னா, நாங்க நாளையிலிருந்து மீசைய எடுத்துட்டு வரணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. சமத்துவம் என்றால் என்ன என்று அரைமணி நேரம் விளக்கினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் இருளப்பன் தூங்கிவிட்டார். அந்தச் சமயத்தில் அவர் ஒத்துக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மனு போனது. பங்குனியில் ஒருநாள் தொழிலாளர் துறை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது. பால்வண்ணன் என்னைக் கூப்பிட்டு, "பொம்பளையாளுககிட்ட சொல்லி வைங்க தோழர், எப்பவும் செய்யிற வேலைய செய்யட்டும்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நாலு சொல். நான் அதைப் பெண்களிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு சொல்லை நாலு சொல்லாகச் சொன்னால் பிறகு நான் எதற்கு? சுற்றறிக்கை ஒன்று எழுதினேன். 'ஆய்வு நாளன்று தோழியர் அனைவரும் கண்ணியத்துடனும் தூய்மையுடனும் ஒழுங்குடனும் திகழ்ந்து, சங்கத்தின் பெருமையை நிலைநாட்டுதல் வேண்டும்.' கொட்டகையில் நின்று இரண்டு தடவை படித்தேன், ஏற்ற இறக்கத்தோடு. எப்போதும் செய்கிற வேலையைச் செய்யுங்கள் என்று அதில் எங்குமே இல்லை. அது கொஞ்சம் சாதாரணமாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

ஆய்வு நாள் வந்தது. அதிகாரியை அழைத்துக்கொண்டு மானேஜர் சோலைராஜ், நான், பால்வண்ணன் எல்லோரும் பின்பக்கம் போகிறோம். கொட்டகை வாசலில் கோலம். செம்மண் இட்ட கோலம். உள்ளே தரை கழுவிவிட்டு ஈரம் பளபளக்கிறது. இருபத்திரண்டு பேரும் கல்யாணத்துக்கு எடுத்த சேலையில். தலை நிறையப் பூ. வரிசை பிசகாமல் உட்கார்ந்து தாள் மடிக்கிறார்கள். தூறல் சத்தம். குடோனுக்குப் போகிற வழியில் ஒரு கட்டு இல்லை, ஒரு நூல்கூட இல்லை.

நடந்தது என்ன தெரியுமா? அதிகாரி வருகிறார், கொட்டகை நிறையக் கட்டும் குப்பையுமாக இருக்கக்கூடாது என்று, அத்தனை பேரும் காலையில் ஐந்து மணிக்கே வந்து, காவலாளியை எழுப்பி, முந்தின நாள் கட்டு, அதற்கு முந்தின நாள் கட்டு எல்லாவற்றையும் குடோனில் கொண்டுபோய் அடுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நாங்கள் இதைத்தான் சுமக்கிறோம் என்று காட்ட வேண்டிய ஒரே ஒரு நாளில், சுமக்க ஒன்றுமே மிச்சம் வைக்காமல் சுமந்து முடித்துவிட்டார்கள்.

அதிகாரிக்கு முழங்கால் வலி போலிருக்கிறது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் மேஜையில் வந்து உட்கார்ந்து எழுதினார். எழுதினதை என்னிடம் நீட்டி, சங்கத் தரப்பில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

இங்கேதான் நீங்கள் சிரிக்கலாம்.

படித்தேன். இரண்டு இடத்தில் எழுத்து விட்டுப்போயிருந்தது. பென்சிலால் திருத்தினேன். அவர் 'நன்றி அம்மா' என்றார். 'பரவாயில்லை ஐயா, கையெழுத்து அழகாக இருக்கிறது' என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் கார் ஏறிப் போன பிறகு பால்வண்ணன் நகலை வாங்கிப் படிக்கிறார்: 'பைண்டிங் பிரிவில் பெண்கள் அமர்ந்த நிலையில் இலகுவான வேலை செய்கின்றனர். கனமான பொருள்களைத் தூக்குவதாகத் தெரியவில்லை. வேலையிடம் மிகத் தூய்மையாக உள்ளது.' அதன் கீழே என் கையெழுத்து. தேதியோடு.

பால்வண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நான் என்ன செய்தேன்? நேராகக் கொட்டகைக்குப் போனேன். என் கையெழுத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. பூ வைத்துக்கொண்டு வந்தீர்களே, உங்களுக்காக நான் இரவு பகலாகப் பாடுபட்டால் இப்படியா பண்ணுவது என்று ஆரம்பித்து, அவர்களுக்கு வர்க்க உணர்வே இல்லை என்பதுவரை போய்விட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு தாள் மடித்தார்கள். குருவம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்கு ஆள் வர்றாகன்னா குப்பையும் கூளமுமாவாக்கா போட்டு வச்சிருப்போம்? நீங்கதான படிச்சீங்க, சுத்தமா இருக்கணும், பெருமையா இருக்கணும்னு. ரெண்டு வாட்டி படிச்சீங்களே."

அவள் சொன்ன வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

அந்த வைகாசி முடிந்ததும் வழக்கம்போல இருபத்திரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். விசாரணைக்கு ஆடி மாதம் தேதி போட்டிருந்தார்கள். இடையில் குருவம்மா பட்டாசுக்குப் போகவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எப்படிச் சாப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் கிடந்த விறகைப் பேசிக்கொண்டே எடுத்துப் பின்பக்கம் அடுக்கினாள். ஒரு டம்ளர் காபி குடித்தாள். விசாரணை தோற்றுப் போனால் ஆவணியிலிருந்து பட்டாசுக்கு வரச் சொல்லி முன்பணம் நீட்டியிருக்கிறார்கள் என்றாள். வாங்கிவிட்டாயா என்றேன். "கையைக் கட்டிக்கிட்டு நிக்கேன்க்கா" என்றாள். போகும்போது காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அடுக்கின விறகை நான் ஐப்பசி வரை எரித்தேன். அதைப் பற்றி இன்று நினைத்தால்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அன்று நான் என் வாதத்தில் மூழ்கியிருந்தேன்.

பன்னிரண்டு பக்கம். என் கையெழுத்தை ரத்து செய்ய எனக்குப் பன்னிரண்டு பக்கம் தேவைப்பட்டது. மூன்று மேற்கோள் வேறு.

விசாரணை நடந்த அலுவலகம் ஒரு வாடகைக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. படி செங்குத்து. நான் பத்தரைக்கே போய் மேலே வராந்தாவில் நின்று வாதத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கீழே கார் வந்து நின்றது. சோலைராஜ் இறங்கினார், வெள்ளைச் சட்டை. பின்னால் இருளப்பனும் இன்னொரு பைண்டரும். டிக்கியைத் திறந்து ஒரு நோட்டுக் கட்டை இறக்கினார்கள். எனக்கு விளங்கிவிட்டது. ஆண்கள் மட்டும் தூக்குகிற கனம் இதுதான் என்று காட்ட, கட்டையே சான்றாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு ஆம்பளைகள் அதை மூச்சுவாங்க மேலே தூக்கிக்கொண்டு வந்து அதிகாரி முன்னால் வைத்தால், அதற்கு மேல் வாதம் எதற்கு?

அந்த நேரம் இருளப்பன், 'சார், ஒரு டீ குடிச்சிட்டு வந்திர்றோம்' என்றார். இரண்டு பேரும் தெருவைத் தாண்டிப் போனார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. கால்மணி ஆயிற்று. வரவில்லை. சோலைராஜ் டீக்கடைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஆள் இல்லை. பதினொரு மணிக்கு விசாரணை. அவரே கட்டைத் தூக்கப் பார்த்தார். பாவம், கணக்குப் புத்தகம் தவிர வேறு தூக்காதவர், என்னைப் போல. இழுத்து, முட்டுக்கொடுத்து, ஐந்தாவது படிக்குக் கொண்டுவருவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. நான் மேலே நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது குருவம்மா வந்தாள். அவளும் சாட்சி சொல்ல வரவேண்டிய நாள் அது. சோற்று டப்பாவோடு படியேறினவள், சோலைராஜைப் பார்த்தாள். டப்பாவைப் படியில் வைத்தாள். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்தாள்.

"விடுங்க சார். ஒரு கை பிடிங்க."

அவரும் பிடித்தார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். யோசிக்கவே இல்லை, இரண்டு பேரும். அவர் ஒரு பக்கம் தூக்க, இவள் மறுபக்கம் தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் கட்டைப் பிடித்து, மறுகையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறுகிறாள். அவர் அவளுடைய சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறார்.

எனக்கு உயிர் போய்விட்டது. பாதிப் படிக்கு ஓடிப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "குருவம்மா, இறக்கு. அது எதிர்த்தரப்புச் சான்று."

"தலையில ஏத்துனத நடுப்படியில எப்படிக்கா எறக்குறது? வழிய விடுங்க."

வழியை விட்டேன். இப்போதும் என்னைப் பற்றி நினைத்தால் அந்தப் படியில் இரண்டு கையையும் விரித்து அவளை மறித்துக்கொண்டு நின்ற கோலம்தான் வருகிறது. ஒரு கையில் பன்னிரண்டு பக்கம் சமத்துவம்.

அவளுக்குப் பின்னால் சோலைராஜ். சோலைராஜுக்குப் பின்னால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, முழங்கால் வலியோடு, அதிகாரி. எவ்வளவு நேரமாக அங்கே இருந்தார் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். அதாவது நான், பால்வண்ணன், சோலைராஜ். குருவம்மா சுவரோரம் நின்றாள். கட்டு மேஜை மேல் இருந்தது. அதிகாரி சோலைராஜைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். சோலைராஜ் தயாரித்து வந்ததை ஆரம்பித்தார். இது எங்கள் அச்சகத்தின் கட்டு, எடை இருபத்தெட்டு கிலோ, இதைத் தூக்குவது பைண்டர்களான ஆண்கள் மட்டுமே, பெண்களால் இதை… அந்த இடத்தில் நின்றுவிட்டார். அவர் கையில் இன்னும் சோற்று டப்பா இருந்தது.



அதிகாரி கேட்டார்: "இது மேலே எப்படி வந்தது?"

சோலைராஜ் டப்பாவைப் பார்த்தார், நான் என் பன்னிரண்டு பக்கத்தைப் பார்த்தேன். குருவம்மாவுக்கே பொறுக்கவில்லை. மானேஜரை மாட்டிவிடக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, "சாரும் ஒரு கை பிடிச்சாருங்க" என்றாள்.

அதிகாரி அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் நுனியில் உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை கட்டு தூக்குவீர்கள் என்று கேட்டார். எண்ணினதில்லை, நிறுத்தச் சொல்கிற வரைக்கும் தூக்குவோம் என்றாள். அப்படியானால் நான் வந்த அன்று ஏன் ஒருவரும் தூக்கவில்லை?

"நீங்க வர்றீகன்னு வெள்ளனவே தூக்கி முடிச்சிட்டோங்க. நீங்க நிக்கிற எடத்துல கட்டு கெடந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா வேறு எதையாவதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டார், அன்று இதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை? குருவம்மா என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையசைத்தேன். அந்த வழக்கில் சங்கச் செயலாளராக நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தத் தலையசைப்புதான்.

"எங்ககிட்ட யாரும் கேக்கலிங்க. அக்காகிட்டதான் கேட்டீங்க."

அவ்வளவுதான். போதும், எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்று அதிகாரி கோப்பை மூடினார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கும்பிட்டுவிட்டு எழுந்திருப்பீர்கள். நான் எழுந்து, 'ஐயா, சங்கத் தரப்பின் வாதம் பன்னிரண்டு பக்கம் இருக்கிறது' என்றேன். பால்வண்ணன் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் அதிகாரி, 'அம்மா, இதற்கு மேல் படித்தால் என் மனம் மாறிவிடப் போகிறது' என்றார். உட்கார்ந்தேன்.

கீழே வந்தால் இருளப்பனும் மற்றவரும் கார் பக்கத்தில் நிற்கிறார்கள். சோலைராஜ் கேட்பதற்கு முன்பே இருளப்பன் சொன்னார்: "டீ ரொம்பச் சூடு சார். ஆத்தவே நேரமாயிருச்சு." இருபது வருஷமாகக் கேட்கிறேன், இன்றைக்கும் அதே பதில்தான். டீ சூடு. என் அரைமணி நேரப் பேச்சில் அவர் எந்த இடத்தில் தூங்கினார், எந்த இடத்தில் விழித்திருந்தார் என்று இப்போது யோசிக்கிறேன். ஒருவேளை என் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். அவர்கள் பத்து வருஷமாக ஒருவருக்கொருவர் கை பிடித்துவிட்டவர்கள்.

புரட்டாசியில் உத்தரவு வந்தது. கட்டு சுமக்கிற பெண்கள் அத்தனை பேரையும் பைண்டர் என்று பதிய வேண்டும். நாலு முறை படித்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதற்காக ஒரு தடவை அழுதேன், மற்றதற்காக ஒரு தடவை. குருவம்மா அந்தப் புரட்டாசியில் கொட்டகையில் உட்கார்ந்து காலண்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். முன்பணம் வாங்காத கை.

வெற்றிக் கூட்டம் போட்டோம். குருவம்மா பேச வேண்டும் என்றார்கள். அவள் சிரமப்படுவாளே என்று நானே அவளுக்கு உரை எழுதிக் கொடுத்தேன். அவள் மேடைக்கு வந்து தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா எழுதுனது ரொம்ப நல்லா இருக்கு. அவுகளே படிக்கட்டும்" என்று என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள். நான் படித்தேன். 'உழைக்கும் பெண்ணாகிய நான்' என்று தொடங்கும் உரை. நல்ல கைதட்டல்.

அதற்கடுத்த வருஷமே அவளைச் சங்கத்தில் கிளைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்காவது நோட்டீஸ் வந்தால், விசாரணை வந்தால், கூடப் போவாள். அவள் கூடப் போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பேசவே மாட்டாள். முந்தின நாள் அவர்கள் வேலை பார்க்கிற இடத்துக்குப் போய், அவர்களோடு ஒரு வேளை அந்த வேலையைச் செய்துவிட்டு வருவாள். விசாரணையில், 'நீ சொல்லு தாயி' என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் பன்னிரண்டு பக்கத்தில் செய்யாததை அவள் பக்கத்தில் உட்கார்ந்தே செய்வாள்.

போன வாரம் தொலைபேசியில் பேசினாள். வகுப்புக்கு நீங்களும் வாங்கக்கா என்றாள். எந்தத் தலைப்பில் பேசட்டும் என்றேன். முதலில் என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அப்புறம் சொல்கிறாள், 'பேச ஆள் இருக்குக்கா, புத்தகம் கொண்டாரத்தான் ஆள் இல்ல.' கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழுக்கக் கோபம். பிறகு சரி என்றேன். இருபத்திரண்டு பேர் எத்தனையோ வருஷம் சுமந்தார்கள், நான் ஒருநாள் சுமந்தால் என்ன என்று தோன்றியது. இன்று காலையில் வீட்டிலிருந்து பேருந்து நிலையம் வரைக்கும் நானே தூக்கி வந்தேன், ஆட்டோகூட வைக்கவில்லை. கை கடுத்தது. ஆனால் மனசு லேசாக இருந்தது. சுமப்பது ஒன்றும் அவ்வளவு பெரிய கஷ்டம் இல்லை என்றுகூட நினைத்தேன், சிவகாசியிலிருந்து இதுவரைக்கும் ஒரு வலியும் தெரியவில்லையே…

கள்ளிக்குடி தாண்டிவிட்டோமா? திருமங்கலம் வந்துவிட்டதே. என் பை எங்கே?

அய்யோ.

இவ்வளவு நேரமும் உங்கள் மடியிலேயா? எண்பது புத்தகம். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீங்கள்? கால் மரத்துப் போயிருக்கும். சொல்ல எங்கே விட்டேன், அதுவும் சரிதான். இருங்கள், இருங்கள், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், கண்டக்டர் கத்தட்டும், நானே தூக்கிக்கொள்கிறேன். நானே… உட்கார்ந்திருந்ததில் கனம் கூடிவிட்டதா என்ன? அசையவில்லை.

ஒன்று கேட்கிறேன். எழுபத்துமூன்று வயதில் முதல் தடவையாகக் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

படி வரைக்கும் ஒரு கை பிடியுங்கள்.